பறக்குமுன் ஒரு பரீட்சை

நம் செமோர் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவரைக் கவனித்திருப்போம். வேலை முடிந்ததும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, உறுமவிட்டுப் பார்க்கிறார். பிழை இருந்தால் கடையிலேயே தெரிந்துவிடும். வழியில் நின்றாலும் தள்ளிக்கொண்டு வரலாம்.

ராக்கெட்டை அப்படித் தள்ளிவர முடியுமா? அதனால்தான் அதன் இயந்திரத்தைத் தரையிலேயே சோதிக்கிறார்கள். தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இதற்கென்றே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நிலையம் உள்ளது. அங்கே இயந்திரத்தை உறுதியான மேடையில் பிணைத்து, பறக்கவிடாமல் முழு வேகத்தில் எரிக்கிறார்கள். உந்து விசை, அழுத்தம், வெப்பம், அதிர்வு எல்லாவற்றையும் கருவிகள் அளக்கின்றன.

சில இயந்திரங்களுக்குத் திரவ ஹைட்ரஜன் எரிபொருள். அது எரியத் திரவ ஆக்சிஜன் உதவுகிறது. முன்னது சுழிக்குக் கீழே 253 பாகை, பின்னது 183 பாகை குளிரில் இருக்க வேண்டும். இவற்றைக் கையாள்வது எளிதன்று.

2010 ஏப்ரல் 15-இல் இந்தியா சொந்தமாகச் செய்த அத்தகைய இயந்திரம் முதன்முதலாகப் பறந்தது. எரிபொருள் பம்பு நின்றது. ராக்கெட் கடலில் விழுந்தது. அறிவியலாளர் சோர்ந்துவிடவில்லை. விண்வெளியில் காற்றில்லை அல்லவா? அதுபோலவே காற்றை அகற்றிய அறையில், மகேந்திரகிரியில் இயந்திரத்தைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2014 ஜனவரி 5-இல் அது செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தது.

பரீட்சையில் தவறு தெரிந்தால் நம் பிள்ளைகளை ஏசாதிருப்போம். திருத்திக்கொள்ளத்தானே பரீட்சை!