தீர்மானப் புத்தகத்தில் நம் தெரு

மழைக்காலத்தில் ஆரணிப் பக்கத்து நெசவு வீடுகளில் எழுந்ததும் தறிக்குழிக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். அடிமண் சில்லென்று ஈரமாகப் பட்டால் அன்றைய பிழைப்பு போயிற்று. மிதியில் கால் வைக்க முடியாது, பட்டுப் பாவு ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். எங்கள் தெருவில் ஓர் ஐப்பசியில் பதினோரு நாள் தறி ஓடவில்லை. மழை பெய்தது மூன்றே நாள்தான். மீதி எட்டு நாளும், தெருமுனைக் கால்வாய் அடைத்துக்கொண்டதால் சுவரடியில் ஊறி வந்த சாக்கடைத் தண்ணீர். தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. அப்பாவுக்கு இதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்த கட்சிக்காரர் ஒருவரிடம் சொன்னார். “பார்க்கலாம்” என்றார் அவர்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் பலர் முதலில் தடுக்கி விழுகிறார்கள். வெளியூரில் கேட்டால் சேவூர்க்காரரும் ஒண்ணுபுரத்துக்காரரும் “ஆரணி” என்றுதான் சொல்வோம். நெய்த சேலையும் ஆரணிப் பட்டு என்றே விலைபோகிறது. ஆனால் கால்வாய், குடிநீர், தெருவிளக்கு என்று வந்தால் ஆரணி ஒன்றல்ல. ஊருக்குள் இருப்பவருக்கு ஆரணி நகராட்சி. கண்ணமங்கலத்துக்காரருக்குப் பேரூராட்சி. சுற்றியுள்ள கிராமங்களுக்கு அந்தந்த ஊராட்சி, அதற்கு மேலே ஊராட்சி ஒன்றியம். ஊராட்சிப் பகுதியில் குடியிருந்துகொண்டு நகராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதன் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் உங்கள் தெருவின் குறை போய்ச் சேர வேண்டும். எல்லாமே உள்ளாட்சியின் வேலையும் இல்லை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் 2023 மார்ச்சிலிருந்து உண்டு. அதில் தகராறு வந்தால் மின்வாரியத்தையும் கைத்தறித் துறையையும்தான் கேட்க வேண்டும், ஊராட்சித் தலைவரை அல்ல.

அடுத்தது, கேட்பதற்கு ஆளே இல்லாமல் போகும் காலம். ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் பகுதி சொல்கிறது. தமிழ்நாட்டில் இது இரண்டு முறை நம் கண்முன்னே மீறப்பட்டது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, இடஒதுக்கீட்டு அறிவிக்கையில் இருந்த குறைகளால் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் மூன்றாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை. திருவண்ணாமலை உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லை, அவர்கள் இடத்தில் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பல ஊராட்சிகளுக்குச் சேர்த்துப் பொறுப்பு வகிக்கும் ஓர் அதிகாரிக்கு உங்கள் தெருமுனைக் கால்வாய் எங்கே வளைகிறது என்று தெரிய வழியில்லை. வார்டு உறுப்பினர் என்றால் காலையில் டீக்கடையில் பிடித்து நிறுத்திக் கேட்டுவிடலாம். பணத்திலும் அடி விழுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் 2016க்குப் பின் மத்திய நிதிக்குழு மானியம் தமிழக ஊராட்சிகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 15ஆவது நிதிக்குழுவும் அதே நிபந்தனையை வைத்தது. தேர்தல் தள்ளிப்போவது சென்னையில் இருப்பவருக்கு அரசியல் செய்தி. ஊரில் அது எரியாத விளக்கு, சரிசெய்யாத மோட்டார்.

ஆனால் ஒன்றை நம் மக்கள் மறந்துவிடுகிறார்கள். பதவிக்காலம் முடிவது மன்றத்துக்குத்தான், கிராம சபைக்கு அல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அதை யாரும் கலைக்க முடியாது. தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அதைக் கூட்டியாக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. 2022இல் வந்த வார்டு குழுவும் பகுதி சபையும்தான் அவர்களுக்கு வழி.

இந்த ஆள் கணக்கில்தான் சூழ்ச்சி நடக்கிறது. ஆள் சேராத ஊரில் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். “சும்மா ஒரு கையெழுத்து போடுங்க அக்கா, கூட்டத்துக்கு வந்ததா கணக்கு.” அக்காவும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டுவிடுவார். அந்தப் பக்கத்துக்கு மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கேட்காத சாலைக்கு, நடக்காத வேலைக்கு, பொய்யான பயனாளிப் பட்டியலுக்கு உங்கள் கையெழுத்து சாட்சியாகிவிடும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்துக்கு நேரில் போங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையைத் தாளில் எழுதிக் கொடுத்து, அது தீர்மானமாக எழுதப்பட்டதும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள். “கால்வாய் சரிசெய்ய வேண்டும்” என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்று இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, போன தீர்மானம் என்னவாயிற்று என்பதாக இருக்கட்டும்.

எங்கள் தெருவில் இதைச் செய்தவர் நாடா பிடித்தே கை காய்த்துப்போன ஒரு பெரியம்மா. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொன்னபோது, “உங்க மேல நம்பிக்கை இல்லையான்னு கேக்கறீங்க. எனக்குக் காதால கேட்டாத்தான் மனசுல நிக்கும்” என்றார். படித்தார்கள். எழுதியதில் எங்கள் தெருவின் பெயரே இல்லை. அங்கேயே அடித்து எழுத வைத்தார். அடுத்த மழைக்குள் கால்வாய் தூர்வாரப்பட்டது.

அன்றாடச் சேவைகளில் பணம் கைமாறும் இடமெல்லாம் ரசீதைக் கேளுங்கள். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், குழாய் இணைப்பு எதற்கும் ரசீதில்லாத பணம் கணக்கில் ஏறாது. ஊராட்சி வரியை இணையத்திலேயே கட்ட முடிகிறது. பிறப்பும் இறப்பும் 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமே இல்லை. ஓராண்டைத் தாண்டவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய நேரும். நெசவாளர் ஒருவர் இறந்துபோனால் ஓய்வூதியம், காப்பீடு, சங்கத்துப் பங்குத்தொகை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சான்றிதழ்தான் கதவு. துக்க வீட்டில் இதை நினைவூட்டுவது அநாகரிகம் என்று தயங்காதீர்கள்.

லஞ்சம் கேட்டால்? கொடுத்துவிட்டு வீட்டில் புலம்புகிறோம். வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவரையும் 2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் காப்பாற்றுகிறது, ஆனால் ஏழு நாளுக்குள் புகார் தர வேண்டும். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவது இன்னும் நல்லது. நடக்காத வேலைக்குப் பில் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒன்றிய அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “ஏன் வேலை செய்யவில்லை” என்று கேட்டால் பதில் நழுவும். வேலை உத்தரவு, அளவைப் புத்தகம், பணம் வழங்கிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டமும், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது, உள்ளாட்சிகளின் முறைகேட்டை விசாரிக்க 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம். எங்கே மனுக் கொடுத்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தேர்தல் வரும்போது கவனிக்க வேண்டியவை வேறு. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் வாக்காளர் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்ததுதான். அதில் பெயர் இல்லையென்றால் இதிலும் இருக்காது. கூலி உயரும் என்று வேறு ஊர் போய்த் திரும்பிய நெசவுக் குடும்பங்களின் பெயர்தான் அதிகம் விட்டுப்போகிறது, வார்டு மாறியும் கிடக்கிறது. அறிவிப்பு வரும் வரை காத்திராமல் இப்போதே பார்த்துவிடுங்கள்.

21 வயது நிரம்பிய எவரும் நிற்கலாம். 2019இல் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. இடங்களில் பாதி பெண்களுக்கு. நம் பெண்கள் ஜெயித்து வந்த பிறகு நாற்காலியில் கணவர் உட்காருவதை ஊரே சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறது. அதை ஏற்கக் கூடாது. கையெழுத்து யாருடையதோ, வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பட்டியல் சாதி, பழங்குடித் தலைவரையோ உறுப்பினரையோ வேலை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம்.

பதவியை ஏலம் விடும் வழக்கம் பற்றி 2019 டிசம்பரிலும் செய்திகள் வந்தன. கோயில் திருப்பணிக்கு, ஊர் ஒற்றுமைக்கு என்று காரணம் சொல்வார்கள். ஏலத்தில் லட்சக்கணக்கில் போட்டவர் அந்தப் பணத்தை எங்கே எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். போட்டியிலிருந்து ஒதுங்கப் பணம் கொடுப்பதும் வாங்குவதும், வாக்குக்குப் பணம் போலவே, ஓராண்டு வரை சிறைக்குரிய லஞ்சக் குற்றம். தேர்தல் முடிவில் முறைகேடு என்றால் 45 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். நாள் தவறினால் சத்தம் போட்டும் பயனில்லை.

வாக்குச்சாவடியில் ஊரக வாக்காளருக்கு நான்கு சீட்டு. 2019இல் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஊர் முழுக்க இளஞ்சிவப்புச் சீட்டைப் பற்றித்தான் பேசும், வெள்ளைச் சீட்டில் யார் பெயர் என்றே பலர் பார்க்காமல் குத்திவிடுவார்கள். அதில் கட்சிச் சின்னம் இல்லை, இருப்பவர் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். சில வார்டில் ஒன்றிரண்டு வாக்கில் முடிவு மாறுகிறது. தறிக்குழியில் ஊறும் தண்ணீரைக் காட்டுவதற்கு விடிகாலையில் நீங்கள் கதவைத் தட்டக்கூடிய ஆள் அவர்தான்.