விமானம் ஓய்வுபெறுகின்றது; விமானி என்ன ஆவார்?

ஓர் அரசு தனது போர் விமான வகையொன்றைச் சேவையிலிருந்து விலக்கிக்கொள்ளத் தீர்மானிக்கும்போது பத்திரிகைகள் பெரும்பாலும் மூன்று விடயங்களையே பேசுகின்றன: அதனால் மீதமாகும் பணம், அவ்விமானத்தின் பழம்பெருமை, அதனிடத்தில் வரவிருக்கும் புதிய வகை. நான்காவது விடயம் ஒன்றுண்டு. அவ்வியந்திரத்தை இயக்குவதற்கென்றே தமது இளமையைச் செலவிட்ட மனிதர்களின் எதிர்காலம் அது. அதனைப் பற்றியே இங்கு நோக்க விழைகின்றோம்.

போர் விமானம் என்றதும் நமது வாசகர் பலரின் நினைவில் எழுவது பதுங்குகுழியும், வானத்து இரைச்சலும், அதன் பின்னர் வந்த அழுகுரலுமே. அந்நினைவை எவரும் மறக்க வேண்டுமென நாம் கேட்கவில்லை. இக்கட்டுரை போரின் புகழும் பாடவில்லை. கற்ற தொழில் ஒரே நாளில் பெறுமதியற்றுப் போகும்போது மனிதன் என்ன செய்கிறான், அவனை வைத்திருந்த அரசு என்ன செய்கின்றது என்பதே நமது கேள்வி. அக்கேள்வி அகதி வாழ்வுக்குப் புதியதன்று. நம்மிற் பலர் வாழும் பிரித்தானியாவின் அனுபவம் ஒன்று இதற்குத் தெளிவான உதாரணமாக அமைகின்றது.

ஒரே மாதத்தில் இரு முடிவுகள்

2010 ஒக்டோபரில் பிரித்தானியாவின் கூட்டணி அரசாங்கம் தனது பாதுகாப்பு மீளாய்வு அறிக்கையை வெளியிட்டது. ஹரியர் விமானங்கள் உடனடியாக விலக்கப்படும் என்பதும், நிம்ரொட் எம்.ஆர்.ஏ.4 என்னும் கடற்கண்காணிப்பு விமானத் திட்டம் கைவிடப்படும் என்பதும் அதன் முடிவுகளில் இரண்டாகும். விமானப்படையின் ஆளணியில் ஏறத்தாழ 5,000 பேரைக் குறைப்பதென்றும் அதே அறிக்கை கூறிற்று.

ஹரியர் 1969 இல் சேவைக்கு வந்த வகை. ஓடுபாதையின்றி நிலைக்குத்தாக இறங்க வல்லது. 1982 ஃபோக்லண்ட் போரினாற் பெயர்பெற்றது. 2010 டிசம்பர் 15 ஆம் திகதி கொட்டஸ்மோர் தளத்திலிருந்து பதினாறு ஹரியர்கள் ஒன்றாகப் பறந்து விடைபெற்றன. அடுத்த ஆண்டு நவம்பரில் எஞ்சிய 72 விமானங்களும் உதிரிப்பாகங்களும் சுமார் 11 கோடியே 60 இலட்சம் பவுணுக்கு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. உதிரிப்பாகங்களைக் கழற்றிக்கொள்வதே அமெரிக்காவின் பிரதான நோக்கமாயிருந்தது.

நிம்ரொட்டின் கதை இதனினும் சோகமானது. 2006 செப்டெம்பரில் ஆப்கானிஸ்தானில் நிம்ரொட் ஒன்று தீப்பற்றி விழுந்து, அதிலிருந்த 14 பேரும் மாண்டனர். பழைய எம்.ஆர்.2 வகை 2010 மார்ச்சில் விலக்கப்பட்டது. புதிய எம்.ஆர்.ஏ.4 வரும் என்று அவற்றின் குழுவினர் காத்திருந்தனர். முந்நூறு கோடி பவுணுக்கு மேல் செலவான பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. 2011 இன் தொடக்கத்தில் வூட்ஃபோட் தொழிற்சாலையில் அவ்விமானங்கள் இயந்திரங்களாற் பிய்த்தெறியப்பட்டன. அக்காட்சியைத் தொலைக்காட்சியிற் பார்த்தவர்களுள் அவற்றை ஓட்டவிருந்தவர்களும் இருந்திருப்பர்.

அனுமதிப்பத்திரம் என்னும் மதில்

மோட்டார் வாகனம் ஓட்டக் கற்றவர் எந்த மோட்டார் வாகனத்தையும் ஓட்டலாம் என்பது போன்றதன்று இத்தொழில். படை விமானி ஒரு குறித்த வகைக்கென்றே மாதக்கணக்கில் பயிற்றப்படுகின்றார். வகை மாறும்போது மீண்டும் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு இடம் வேண்டும். பயிற்சி முடிந்தபின் பறப்பதற்கு ஓர் அணி வேண்டும். 2011 ஜூனில் டோர்னாடோ அணிகள் இரண்டும் கலைக்கப்பட்டன. ஆகவே ஹரியரிலிருந்து வெளியேறியோர் தட்டிய கதவுகளும் ஒடுங்கிக்கொண்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் பயின்றுகொண்டிருந்த இளம் விமானிகள் பலர் தமக்கு இனி இடமில்லை என்ற செய்தியை அதே ஆண்டிற் பெற்றனர். அவர்களுட் சிலர் பயிற்சியின் பிற்கட்டத்தை எட்டியிருந்தவர்கள்.

பயணிகள் விமான நிறுவனங்களில் வேலை தேடலாமே என வாசகர் கேட்கக்கூடும். பலர் தேடினர், கிடைக்கவும் செய்தது. ஆனால் இடையிலே ஒரு மதில் உண்டு. படையிற் பறந்த அனுபவம் தன்னளவிற் குடிசார் அனுமதிப்பத்திரம் ஆகாது. சில விலக்குகள் வழங்கப்பட்டாலும் பரீட்சைகளுக்குத் தோற்ற வேண்டும். மருத்துவச் சான்று பெற வேண்டும். குறித்த பயணிகள் விமான வகைக்கெனத் தனித் தகுதியும் பெற வேண்டும். தனியொருவராகப் போர் விமானம் ஓட்டிய விமானி, இருவர் கலந்து முடிவெடுக்கும் விமானியறையின் ஒழுங்கைப் புதிதாகப் பழக வேண்டும். அவரது பறப்பு மணித்தியாலங்களும், போக்குவரத்து விமானம் ஓட்டிய தோழரின் கணக்கோடு ஒப்பிடுகையிற் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

விமானிக்காயினும் அந்த மதிலில் ஒரு வாயில் இருந்தது. நிம்ரொட்டின் பின்பகுதியில் அமர்ந்தவர்களுக்கு அதுவுமில்லை. அவ்விமானத்தில் ஒரு டசினளவு பேர் பணியாற்றினர். அவர்களுள் விமானிகள் இருவரே. ஏனையோருட் பலர் ராடார் திரையை நோக்குவோர், கடலில் இடப்பட்ட ஒலிவாங்கி மிதவைகளிலிருந்து வரும் சத்தங்களைச் செவிமடுத்து நீர்மூழ்கியை இனங்காண்போர். திமிங்கிலத்தின் ஒலி எது, மீன்பிடிப் படகின் ஒலி எது, நீர்மூழ்கியின் ஒலி எது எனப் பிரித்தறியும் செவியைப் பெற ஆண்டுகள் பல வேண்டும். அச்செவிக்கு எந்த வேலைவாய்ப்பு நிலையத்திலும் விண்ணப்பப்படிவம் கிடையாது. விமானத்தின் பொறிகளைக் கண்காணித்த பறப்புப் பொறியியலாளரின் நிலையும் அதுவே. அவரது ஆசனத்தையே நவீன பயணிகள் விமானங்கள் அகற்றிவிட்டன.

விதைநெல்

இந்நிலையில் பிரித்தானியா செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. விமானத்தை இழந்தாலும் கலையை முற்றாக இழந்துவிடலாகாது என்று கருதி, நிம்ரொட் குழுவினருள் ஒரு சிறு பிரிவினரைத் தெரிந்து அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்கு அனுப்பியது. அங்கே பிறரின் விமானங்களில், பிறரின் படையணிகளில் அவர்கள் தமது தொழிலைத் தொடர்ந்தனர். அத்திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழிற் கூறின் 'விதைநெல்' என்பதாகும். அதன் பொருளை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் வீட்டுக் கோர்க்காலியில் விதைநெல்லைத் தொடாது வைத்திருந்த பெற்றோரின் பிள்ளைகள் நாம்.

விமானமின்றிக் கழிந்த அவ்வாண்டுகளின் விலையையும் பிரித்தானியா கண்டுகொண்டது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஸ்கொட்லாந்துக் கரைக்கப்பால் அந்நிய நீர்மூழ்கி நடமாடுவதாகச் சந்தேகம் எழுந்தபோது, நேச நாடுகளின் கண்காணிப்பு விமானங்களையே அழைக்க நேர்ந்தது. 2015 நவம்பரில் ஒன்பது பொஸைடன் விமானங்களை வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. முதலாவது 2020 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் கின்லொஸில் வந்திறங்கிற்று. நிம்ரொட்டுகளின் பழைய தளமே அது. அவ்விமானத்தை அறிந்த கைகளும் செவிகளும் அப்போது ஆயத்தமாயிருந்தன.

கடற்படையும் இவ்வழியையே பின்பற்றியது. ஹரியரை இழந்த விமானிகளுட் சிலர் அமெரிக்கக் கடற்படையில் ஹோர்னெட் ஓட்டினர். 2018 செப்டெம்பரில் 'குயீன் எலிசபெத்' கப்பலின் தளத்தில் எஃப்-35 விமானம் முதன்முதலாக இறங்கிற்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் கப்பற்தளத்துக் கலை அறுந்துபோகாமற் காக்கப்பட்டது இவ்வாறுதான்.

விதையாகாதோர்

ஆயினும் களஞ்சியத்து நெல் முழுவதும் விதையாக வைக்கப்படுவதில்லை. தெரிவானோர் சிலர்; வீடு சென்றோர் பலர். சிலர் மேசைப் பணிக்கு மாற்றப்பட்டனர். சிலர் தரையிலிருந்து இயக்கப்படும் ஆளில்லா விமானங்களுக்குச் சென்றனர். 2011 இற் கலைக்கப்பட்ட டோர்னாடோ அணிகளுள் ஒன்றான 13 ஆம் அணி, மறு ஆண்டே ரீப்பர் என்னும் ஆளில்லா விமானத்துடன் மீண்டும் அமைக்கப்பட்டது. அணியின் பெயர் உயிர்த்தது. ஆனால் அதன் தொழில் வேறாகிவிட்டது. 2023 ஜூனில் ஹேர்குலிஸ் விமானங்களும், 2025 மார்ச்சில் பூமா உலங்குவானூர்திகளும் விடைபெற்றபோது இதே கவலை வேறு குடும்பங்களின் வாசலிற் போய் நின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? இயந்திரத்தை ஒரு கையொப்பத்தால் நீக்கிவிடலாம். அதனை இயக்கும் திறனை மீண்டும் உண்டாக்கப் பத்தாண்டு வேண்டும். அத்திறன் சான்றிதழில் உறைவதில்லை. பயிலும் கையிலும் செவியிலும் உறைகின்றது. பயிலாதொழியின் அது மங்கிவிடும். ஆகவேதான் ஓர் அரசு, தன் மனிதரைப் பிறர் வீட்டிலாயினும் பயிலவிட்டுக் காத்தது.

நமக்காகத் திட்டமிட அவ்வாறான அரசு ஏதுமில்லை. உணவகத்திற் கோப்பை கழுவும் கைகளுட் சில ஒருகாலத்திற் சத்திரசிகிச்சை செய்தவை. சில பாலங்களுக்கு வரைபடம் கீறியவை. சில கரும்பலகையில் எழுதியவை. அவர்களது தகுதிப் பரீட்சைக் கட்டணத்துக்கு உதவுவதும், துறைசார்ந்தோரை மாதமொருமுறையேனும் ஒன்றுகூட்டுவதும், இளையோருக்கு அவர்கள் தமது கலையைச் சொல்லிக்கொடுக்க ஓர் அறை ஒதுக்குவதும் நமது ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் மன்றங்களுக்கும் இயலாத காரியங்களல்ல. ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குமாறு அவற்றின் நிருவாகிகளை வேண்டுகின்றோம்.