குறும்பி அழுக்கல்ல

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டிச் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதை விரலால் அழுத்திப் பாருங்கள். மடலையும் லேசாக இழுங்கள். ‘ஐயோ’ என்று கத்தத் தோன்றினால் கோளாறு பெரும்பாலும் வெளிக்காதில்தான். சளி பிடித்த குழந்தைக்கு வரும் காதுவலி வேறு. அது செவிப்பறைக்கு அப்பால், நடுக்காதில் வருவது.

துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. அதன் உட்பகுதியில் மெல்லிய தோல் நேரே எலும்பின்மேல் படிந்திருக்கிறது. வீங்க இடமே கிடையாது. கடுகளவு வீக்கத்துக்கும் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

குறும்பியை அழுக்கு என்று எந்த மகானுபாவர் சொன்னாரோ! லேசான அமிலத்தன்மை கொண்ட மெழுகு அது. தண்ணீரை ஒட்டவிடாது, கிருமியை எளிதில் வளரவிடாது. குழாயின் தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து, பழைய குறும்பியைத் தானே கொண்டுவந்து தள்ளிவிடும். நாம்தான் சும்மா இருப்பதில்லை. பட்ஸ், ஹேர்பின், வண்டிச் சாவி என்று அகப்பட்டதை விட்டுக் குடைகிறோம். குறும்பியில் பாதி உள்ளே போய் அடைக்கிறது. தோலில் கீறல் விழுகிறது. அதோடு கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ ஒரு ஆட்டம் போட்டால், ஊறிப்போன தோல் வழியே சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுழைந்துவிடும்.

நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் சகஜம். வலியைவிட அரிப்பு அதிகம். உள்ளே நனைந்த செய்தித்தாள் மாதிரி ஒரு படலம், சில சமயம் கறுப்புப் புள்ளிகளோடு. பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தை இதற்கு விட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலை வாங்கி விடாதீர்கள் என்பது இதனால்தான்.

மருத்துவர் குழாயைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து தருவார். ரொம்ப அடைத்திருந்தால் மருந்தில் நனைத்த திரி வைப்பார். மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு வாரம், பத்து நாளில் குணமாகிவிடும். அதுவரை குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு எதுவும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் இன்னும் உஷார் தேவை. அவர்களுக்குக் கிருமி மண்டையோட்டின் அடி எலும்பு வரை பரவி, முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கவும் கூடும். ராத்திரி தூங்கவிடாமல் காது வலிக்கிறது, சீழ் வடிகிறது என்று அவர்கள் சொன்னால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.