பற்றும் வரவும் தபாலில் வந்த காலம்

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் எம்பிஏ படிக்க இடம் கிடைத்தவர்கள் எல்லோரும் வணிகவியல் படித்தவர்கள் அல்லர். பொறியாளர் இருப்பார், வரலாறு படித்தவர் இருப்பார், ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்தவரும் இருப்பார். பற்று எது, வரவு எது என்றே அறியாதவர் கையில் முதல் வாரமே ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைக் கொடுத்து, இந்தக் கம்பெனிக்குக் கடன் தரலாமா என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? இப்படிப்பட்டவர்கள் தாமாகவே படித்துத் தேற, அங்கே பேராசிரியராக இருந்த ராபர்ட் அந்தோணி ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினார். 1964-இல் வந்த அந்தப் புத்தகத்தின் பெயர் ‘எசென்ஷியல்ஸ் ஆஃப் அக்கவுண்டிங்’. சிறு சிறு வாக்கியங்கள், அவற்றில் கோடிட்ட இடங்கள், பக்கத்திலேயே விடைகள். விடையை ஓர் அட்டைத் துண்டால் மறைத்துக்கொள்ள வேண்டும். பென்சிலால் எழுதிவிட்டு, அட்டையை நகர்த்திச் சரிபார்க்க வேண்டும். வகுப்பு தொடங்குமுன் இதை முடித்துவிட்டு வாருங்கள் என்று பல வணிகப் பள்ளிகள் தங்கள் புதிய மாணவர்களிடம் சொல்லின.

சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2014-இல், அதே ஹார்வர்டு ‘கோர்’ என்ற இணையவழிப் படிப்பைத் தொடங்கியது. பகுப்பாய்வு, பொருளியல், நிதிக் கணக்கியல் என்று மூன்று பாடங்கள்; கட்டணம் அப்போது 1,500 டாலர். கணக்கியலை நடத்தியவர் பேராசிரியர் வி.ஜி. நாராயணன். ஹார்வர்டு சதுக்கத்தில் நெடுங்காலமாக இருக்கும் ‘கார்டுல்லோஸ்’ என்ற உணவுப்பொருள் கடைக்கு மாணவரை அழைத்துப் போய், அதன் சரக்கையும் கல்லாவையும் காட்டித்தான் அவர் இரட்டைப்பதிவைப் புரியவைக்கிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் பிரையன் புஷி நடத்தும் தொடக்கநிலைக் கணக்கியல் பாடமும் 2013 முதல் கோர்செராவில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம்.

எம்பிஏ படிக்கப் போகிறவருக்கு இது பெரும்பாலும் ஒரு முன்தயாரிப்புதான். கணக்கியலிலேயே முதுகலை படிக்க நினைப்பவருக்கு நிலைமை வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘மாஸ்டர் ஆஃப் அக்கவுண்டிங்’ சேர விரும்பும் வேறு துறைப் பட்டதாரி, முதலில் ‘ப்ரீரெக்விசிட்’ எனப்படும் முன்தேவைப் பாடங்களை மதிப்பெண்ணோடு முடித்துக் காட்ட வேண்டும். நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், ‘இன்டர்மீடியட்’ எனப்படும் இடைநிலைக் கணக்கியல் ஒன்றும் இரண்டும், பிறகு பள்ளியைப் பொறுத்து அடக்கவிலை, தணிக்கை, வரி. பெரும்பாலும் ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட். இவற்றில் இன்டர்மீடியட்தான் ஆளை வடிகட்டுவது. கீசோவும் வேகாண்டும் எழுதி 1974-இல் முதலில் வந்து, இன்றுவரை பதிப்பு மேல் பதிப்பாக வரும் அந்தத் தடித்த பாடநூலைப் பார்த்தாலே காரணம் புரியும். குத்தகை, ஓய்வூதியம், தள்ளிவைத்த வரி என்று ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு தனிக் காடு.

இத்தனை பேர் இந்தப் பாடங்களைத் தேடி அலைவதற்குச் சட்டமும் ஒரு காரணம். சான்றுபெற்ற பொதுக் கணக்காளர் என்று பொருள்படும் சிபிஏ பட்டத்துக்கு 1896-இல் முதல் சட்டம் இயற்றியது நியூயார்க் மாநிலம். வழக்கமான நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட். சிபிஏ உரிமத்துக்கு 150 வேண்டும் என்ற விதியை 1983-இல் ஃபுளோரிடா முதலில் நடைமுறைப்படுத்த, மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அந்த மீதி முப்பதை நிரப்பத்தான் பலரும் முதுகலைக்குப் போனார்கள். இப்போது இந்த விதி தளர்ந்துவருகிறது. இளநிலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் போதும் என்ற மாற்றுவழிக்கு 2025 ஜனவரியில் ஒஹாயோ சட்டம் செய்தது. வேறு மாநிலங்களும் அதே பாதையில் வந்தன. ஆனாலும் கணக்கியல் பாடங்களிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. வேறு துறையிலிருந்து வருகிறவர் அந்தப் படியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

தொலைவிலிருந்து அந்தப் படியை ஏறுவது புதிய காலத்துப் பழக்கம் அன்று. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் 1891-இல் தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகையாளர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் தபால்வழிப் பாடம் தொடங்கினார். மறு ஆண்டு திறந்த சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், தபால்வழிக் கல்விக்கென்றே ஒரு பிரிவை வைத்தார். அதே சிகாகோவில் 1908-இல் ‘லாசால் எக்ஸ்டென்ஷன் யுனிவர்சிட்டி’ வந்தது. உயர் கணக்கியல் படித்தால் உயர் பதவி என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்த நிறுவனம் அது. பகலில் குமாஸ்தாவாகக் கூட்டல் போட்டவர்கள் இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதன் பாடங்களைப் படித்தார்கள். 1982-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது.

அந்தப் படிப்பு நடந்த விதத்தை இன்றைய மாணவர் கற்பனை செய்வதே கடினம். உறையில் பாடப் பகுதி வரும். படித்து, கேள்விக்கான குறிப்பேட்டுப் பதிவுகளையும் பேரேட்டையும் இருப்பாய்வையும் கோடிட்ட தாளில் கையால் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். திருத்திய தாள் வந்து சேர வாரங்கள் ஆகும். அதற்குள் அடுத்த பாடத்தைத் தொட்டவர், முந்தைய பாடத்தில் செய்த தவறையே இதிலும் செய்திருப்பார். தேர்வு எழுத ஊர் நூலகரையோ பள்ளித் தலைமையாசிரியரையோ மேற்பார்வைக்கு ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். முத்திரையிட்ட உறை அவர் பெயருக்கு வரும். அவர் முன்னால் எழுதி, அவரே ஒட்டி அனுப்புவார்.

பழையது என்பதற்காக இதைப் புகழ எனக்கு மனமில்லை. பணம் கட்டியவர்களில் கடைசிப் பாடம் வரை வந்தவர்கள் குறைவு. சில தனியார் நிறுவனங்களுக்கு அதுவே லாபம். பாதியில் விட்டவருக்குத் தாள் திருத்தும் செலவு இல்லை அல்லவா? இந்தச் சீரழிவைப் பார்த்துத்தான் 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம், பாதிக்கு மேல் தபால்வழி நடத்தும் கல்லூரிகளின் மாணவர்களுக்கு அரசு நிதியுதவி இல்லை என்று சட்டம் செய்தது. 2006-இல் இணையவழிப் படிப்புகளுக்கு மட்டும் அந்தத் தடை நீங்கியது. இணையவழிக் கல்லூரிகள் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அந்தத் தபால் உறைக்குள் இருந்த ஒன்றை நான் மதிக்கிறேன். யாரோ ஒருவர், முகம் தெரியாத ஒருவர், மாணவர் எழுதிய பதிவுகளை வரி வரியாகப் படித்தார். தவறு எந்த வரியில் தொடங்கியது என்று சிவப்பு மையால் சுழித்தார்.

இன்று வீட்டுப்பாடம் திருத்துவது மென்பொருள். ஒரே கணக்கில் ஒவ்வொரு மாணவருக்கும் எண்கள் வேறு வேறாக வரும், ஆகவே நண்பனைப் பார்த்து எழுத முடியாது. சமர்ப்பித்த நொடியில் பச்சைக் குறியோ சிவப்புக் குறியோ விழும். வேகத்தில் இதற்கு ஈடே இல்லை. என் அண்ணன் மகள் மின்னணுப் பொறியியல் படித்தவள், திருமணமாகி நியூஜெர்சி போனவள். கணக்கியல் முதுகலைக்காக இணையவழியில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் இரவு கூப்பிட்டாள். “அத்தை, தப்புன்னு சொல்லுது. எங்க தப்புன்னு சொல்ல மாட்டேங்குது.” அக்டோபர் முதல் தேதி வெளியிட்ட கடன்பத்திரம், டிசம்பர் 31-இல் முடியும் கணக்காண்டு. இருப்பாய்வு இரண்டு பக்கமும் சரியாகக் கூடி நிற்க, நிகர லாபம் மட்டும் ஒத்துவரவில்லை. தாளில் முழுக்க எழுதி, படம் பிடித்து ஆசிரியருக்கே அனுப்பச் சொன்னேன். மறுநாள் அவரிடமிருந்து இரண்டே வரி: மூன்று மாத வட்டி செலுத்த வேண்டியதாகிவிட்டது, அதைப் பதியவில்லை. பதியாமல் விட்டதை இருப்பாய்வு ஒருபோதும் காட்டிக்கொடுக்காது என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டாள். தணிக்கையாளர் ஆகப்போகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் எது?

இவளைப் போன்ற தமிழ்ப் பெண்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். கணவரின் எச்-1பி விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் போனவர்கள். படிக்கத் தடையில்லை, வேலைக்குத் தடை. 2015-இல்தான், கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட நிலையை எட்டியிருந்தால் மனைவியும் வேலை செய்யலாம் என்று விதி வந்தது. அதுவரை பொறியியல் பட்டத்தோடு வீட்டில் அமர்ந்திருந்த ஆண்டுகளை ஈடுசெய்ய, கணக்கியல் பக்கம் திரும்பியவர்கள் உண்டு. குழந்தை பள்ளிக்குப் போன நேரத்தில் ஒரு பாடம், அது தூங்கிய பிறகு ஒரு பாடம். பக்கத்துச் சமுதாயக் கல்லூரியின் இணையவழி வகுப்போ, பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவு நடத்தும் வகுப்போ இல்லாவிட்டால் இவர்களுக்கு இந்தக் கதவே திறந்திருக்காது. தொலைதூரப் படிப்பை மட்டம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெண்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்தபடியே முயல்கிறவர்களுக்கும் காலம் மாறியிருக்கிறது. நம் மூன்றாண்டு பி.காம் பொதுவாக 90 கிரெடிட்டாகவே மதிப்பிடப்படும் என்பதால், மேலே படித்தாக வேண்டிய கட்டாயம் பழையபடிதான். ஆனால் ஆண்டுக்கு இருமுறை தாளில் நடந்த சிபிஏ தேர்வு 2004-இல் கணினிக்கு மாறியது. 2020 முதல் சென்னையிலேயே எழுதலாம். அதற்கு முன்பு இதற்காக அமெரிக்காவுக்கோ வளைகுடாவுக்கோ விமானம் ஏறியவர்கள் உண்டு.

தேர்வை மேற்பார்வையிட்ட நூலகரின் இடத்தில் இப்போது கேமரா உட்கார்ந்திருக்கிறது. தேர்வுக்கு முன் படுக்கையறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள். கிளீவ்லேண்ட் அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வேதியியல் தேர்வுக்கு முன் இப்படித் தன் அறையைக் காட்டச் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டார். அது அரசியல் சட்டத்துக்கு முரணான சோதனை என்று 2022-இல் நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சரியான தீர்ப்பு என்பதே என் எண்ணம்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் நடுவே எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்கக் கல்வித் துறை வகுத்திருக்கும் ஒரு வேறுபாடு. ஆசிரியர் மாணவரோடு தொடர்ந்தும் பொருள்படவும் உரையாடினால்தான் அது ‘தொலைக்கல்வி’. இல்லையேல், எவ்வளவு நவீனத் திரையில் நடந்தாலும், அது ‘தபால்வழி’தான். கணக்கியல் பட்டங்களும் தரும் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் இந்த அளவுகோலை எட்டவில்லை, ஏறத்தாழ 71 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று 2017-இல் துறையின் தணிக்கை அலுவலகம் பரிந்துரைத்தது. 2019-இல் துறை அதை ஏற்க மறுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுமுறையே வேறு என்ற வாதம் வென்றது. விவகாரம் எப்படி முடிந்திருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. மறுபக்கத்தில் ஆள் இருக்கிறாரா?

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வுட், உலகெங்கும் உள்ள கணக்கியல் ஆசிரியர்களைச் சேர்த்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கியல் தேர்வுக் கேள்விகளில் மாணவர்களின் சராசரி 76.7 விழுக்காடு, சாட்ஜிபிடி பெற்றது 47.4. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அடுத்த தலைமுறை மென்பொருள், துணைக் கருவிகளின் உதவியோடு, சிபிஏ தேர்வுத் தாள்களிலேயே தேறிவிட்டது. அப்படியானால் தானே திருத்தும் வீட்டுப்பாடத்தில் தானே விடை எழுதும் இயந்திரம் வாங்கிய முழு மதிப்பெண், அந்த மாணவரைப் பற்றி எதையும் சொல்லாது. முதுகலை வகுப்பில் முதல் தணிக்கைக் கோப்பு கைக்கு வரும்போது தெரிந்துவிடும்.

ஆகவே முன்தேவைப் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளே, தயங்காதீர்கள். பணம் கட்டுமுன் இரண்டு வேலை செய்யுங்கள். சேரப்போகும் முதுகலைப் பள்ளிக்கு எழுதி, எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை, என்ன மதிப்பெண்ணோடு, எத்தனை ஆண்டுகளுக்குள் முடித்திருந்தால் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பாடம் நடத்தும் கல்லூரியிடம், நான் கையால் எழுதிய கணக்கை யார் பார்ப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்று கேளுங்கள். அதற்கு ஒருவர் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் சேர வேண்டாம்.