அறுபதாம் நாள் வரை

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாளுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, சுகமாக இருந்தது. மறுநாள் தாய்க்கு மூச்சுத் திணறியது. அந்தத் திணறல் அவருக்குப் புதிதல்ல. முன்பு ஒரு முறை நுரையீரலில் ரத்தம் உறைந்து, எமனை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். நர்ஸைத் தேடிப் போய், உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்ற வேண்டும் என்று சொன்னார். வலிக்குக் கொடுத்த மருந்தில் புத்தி தடுமாறிப் பேசுகிறார் என்று நர்ஸ் எண்ணினாளாம்! டாக்டர் வந்தார், காலைப் பரிசோதித்தார். காலில் ஒன்றுமில்லை. அம்மாள் விடவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நுரையீரலில் சின்னச் சின்னதாகப் பல ரத்தக் கட்டிகள்.

அந்த அம்மாள் வேறு யாருமல்ல, டென்னிஸ் ராணி செரீனா வில்லியம்ஸ்தான். பிழைத்து எழுந்து, நடந்ததைப் பிற்பாடு அவரே உலகத்துக்குச் சொன்னார். பணத்துக்குக் குறைவில்லை, பெயரைச் சொன்னால் தெரியாதவர் இல்லை. அவர் சொல்லே முதலில் காதில் ஏறவில்லையென்றால், அலபாமாவில் ஓட்டலில் தட்டுக் கழுவும் கறுப்பினப் பெண்ணின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அதற்குப் பதில் சர்க்கார் கணக்கிலேயே இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால், வெள்ளைத் தாய்மாரில் இறந்தவர்கள் 14.5 பேர். கறுப்பினத் தாய்மாரில் 50.3 பேர். முந்திய ஆண்டைவிட வெள்ளையர் கணக்கு இறங்கியிருக்கிறது. கறுப்பினத்தார் கணக்கு இறங்கவில்லை. படிப்பில்லாததால் வந்த வினை என்பீர்களா? அதுவும் இல்லை. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள், பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளைப் பெண்களைவிட அதிகமாகப் பிரசவத்தையொட்டி இறக்கிறார்கள்!

இந்த இடத்தில்தான் மெடிக்கெய்ட் என்ற இன்ஷ்யூரன்ஸ் கதைக்குள் வருகிறது. 1965 ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தில், வயோதிகர்களுக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மூத்தது மத்திய சர்க்காரின் செல்லப் பிள்ளை. இளையதை மத்திய சர்க்காரும் மாநிலங்களும் சேர்ந்து வளர்க்க வேண்டும் என்று ஏற்பாடு. கூட்டுக் குடும்பத்தில் அப்படி வளரும் பிள்ளையின் கதி நமக்குத் தெரியாததா?

ஆனால் ஒரு நன்மையைச் சொல்லாமல் போகக் கூடாது. அந்நாளில் தென் மாநிலங்களில் பல ஆஸ்பத்திரிகள் கறுப்பினத்தாரைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் தனி வார்டு. நிறவேற்றுமை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மெடிக்கேர் பணம் கிடையாது என்று 1966-இல் சர்க்கார் கண்டிப்பாகச் சொல்லிற்று. எத்தனையோ பிரசங்கங்களுக்கு அசையாத கதவுகள், செக்கு வராது என்றதும் சில மாதங்களில் திறந்துகொண்டன.

அதற்கு முன் அந்தப் பெண்களுக்குத் துணை மருத்துவச்சிகள்தான். ஜார்ஜியாவில் மேரி கோலி என்ற கறுப்பின மருத்துவச்சி மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். அவரை வைத்து 1953-இல் எடுத்த பயிற்சிப் படம் இன்றும் பேசப்படுகிறது. ஆஸ்பத்திரிக் கதவு திறந்தபோது இந்த மருத்துவச்சிகளுக்கு லைசென்ஸ் மறுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பெண் சொல்வது நிஜம் என்று சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. இப்போது பிரசவத் துணையாக டூலா என்ற பெண்களை வைத்து, பல மாநிலங்களில் மெடிக்கெய்ட்டே அவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. தூக்கி எறிந்ததைத் தேடி எடுத்த கதைதான்!

இன்றைக்கு அமெரிக்காவில் பத்துப் பிரசவங்களில் நான்குக்கு மெடிக்கெய்ட்தான் பணம் கட்டுகிறது. கறுப்பினத் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுதான் கதி. ஆனால் நெடுங்காலம் அதில் ஒரு விபரீத விதி இருந்தது. கர்ப்பிணி என்பதற்காகக் கிடைத்த இன்ஷ்யூரன்ஸ், பிள்ளை பெற்ற அறுபது நாளோடு சரி! டெக்ஸாஸைப் பாருங்கள். அங்கே கர்ப்பிணியானால், வறுமைக் கோட்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வருமானம் இருந்தாலும் இடம் உண்டு. வெறும் தாயாகிவிட்டாலோ, அந்தக் கோட்டில் ஐந்தில் ஒரு பங்கு வருமானம் இருந்தாலே அதிகம் என்று தள்ளிவிடுவார்கள்.

உடம்புக்கு இந்தச் சட்டம் தெரியுமா? பிரசவத்தையொட்டிய சாவுகளில் பாதிக்கு மேல், குழந்தை பிறந்து ஒரு வாரம் கழிந்த பிறகு, ஓராண்டுக்குள் நேர்பவை. ரத்தக் கொதிப்பு, இருதய பலவீனம், மனச் சோர்வு எல்லாம் அறுபதாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. இந்தச் சாவுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை என்று ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அறுபது நாளைப் பன்னிரண்டு மாதமாக நீட்டிக்கொள்ள 2021-இல் வந்த சட்டம் மாநிலங்களுக்கு வழி விட்டது. அப்படி நீட்டுங்கள் என்று மாநிலங்களை வற்புறுத்தியவர்களில் ஒருவர், அப்போது உப ஜனாதிபதியாக இருந்த கமலா ஹாரிஸ். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் பி.வி. கோபாலனின் பேத்தி. செனட்டராக இருந்தபோதே, 2020-இல், கறுப்பினத் தாய்மாருக்காக ஒரு மசோதாக் கொத்தைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். கொத்து முழுதாக நிறைவேறவில்லை. அதில் ஒரு சிறு பகுதிதான் 2021 நவம்பரில் சட்டமாயிற்று. ஆனால் பன்னிரண்டு மாத விஷயம் பலித்தது. 2023-இல் மிஸிஸிப்பியும் டெக்ஸாஸும்கூட இணங்கின. 2024 முடிவதற்குள் பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்துவிட்டன.

பணம் மட்டும் போதாது என்பதற்குக் கலிபோர்னியா சாட்சி. அங்கே 2006-இல் டாக்டர்களும் நர்ஸுகளும் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பிரசவத்தில் போகும் ரத்தத்தைக் கண்ணால் பார்த்து உத்தேசமாகச் சொல்வதை விட்டு, நனைந்த துணியைத் தராசில் வைத்து நிறுக்கச் சொன்னார்கள். அவசரத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே வண்டியில் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். 2013-க்குள் அந்த மாநிலத்தில் தாய்மார் சாவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. தராசுக்குக் கறுப்பு வெள்ளை தெரியாது; நோயாளி மிகைப்படுத்துகிறாளோ என்று அது யோசிக்காது. அப்படியும் கறுப்பினத் தாய்மார் அங்கே மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இறந்தார்கள்.

இதற்கிடையே 2025 ஜூலை 4-ஆம் தேதி இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. மெடிக்கெய்ட் செலவைப் பத்தாண்டுகளில் லட்சம் கோடி டாலரை ஒட்டிக் குறைப்பது. பல மாநிலங்களில், உழைக்கும் வயதினர் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால்தான் இன்ஷ்யூரன்ஸ். 2027 ஜனவரிக்குள் இது அமலுக்கு வர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. நல்லதுதான். ஆனால் ரத்தக் கொதிப்பைக் கர்ப்பத்துக்கு முன்பே கவனிக்க வேண்டும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். ஓட்டலில் தட்டுக் கழுவும் பெண் அந்தக் காகிதத்தைச் சரியாக நிரப்பாமல் விட்டால், மறுபடி அவளுக்கு டாக்டரின் முகம் தெரிவது கர்ப்பம் தரித்த பிறகுதான்.