பழவேற்காடு போறீங்களா? குழந்தை கையை விட்டுடாதீங்க!

"முட்டி அளவு தண்ணிதானே... குழந்தை ஆடட்டும் விடு!"

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ஏரிக் கரையில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆறு நாள் ஷிப்டு பார்த்தவர், ஏழாம் நாள் பைக்கில் மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்துக் கிளம்பி விடுகிறார். சென்னைக்காரர்கள் மின்சார ரெயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கிறார்கள். கையில் புளிசாதத் தூக்கு, இடுப்பில் குழந்தை!

கொக்கு அல்ல!

பேருக்குத்தான் ஏரி. வாயில் வைத்தால் உப்பு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. நமக்கு தெற்கு ஓரம் மட்டுமே.

பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். ஒன்றரை வயசு வாண்டு கையை நீட்டி "கொக்கு, கொக்கு!" என்று குதிக்கும்.

"கொக்கு இல்லடா கண்ணு, பூநாரை" என்பார் அம்மா. வாண்டு கேட்டால்தானே!

ஊருக்குள் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் உண்டு. 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டியவர்கள் அவர்கள். கோட்டை போய்விட்டது, கல்லறை நிற்கிறது. வாசலில் எலும்புக்கூடு சிற்பம். சின்னக் குழந்தை என்றால் அந்த வாசலை ஓரமாகக் கடப்பது நல்லது. ராத்திரி தூங்காது!

22 உயிர்

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. கும்மிடிப்பூண்டியில் இருந்து உறவினர்களோடு ஒரு கூட்டம் பழவேற்காட்டுக்கு வந்தது. பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஆசையாக ஒரு மீன்பிடி படகில் ஏறினார்கள்.

அளவுக்கு மீறிய ஆள். மிதவை ஜாக்கெட் கிடையாது. முகத்துவாரம் பக்கம் போனபோது படகு கவிழ்ந்தது.

22 பேர் பரிதாபமாக இறந்தார்கள். மறுநாள் சுனாமியின் 7-வது நினைவு நாள். கடலோரக் குப்பங்களில் அழுகை மேல் அழுகை.

அதன்பின் உல்லாசப் படகு சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. தடைக்குப் பிறகும் திருட்டு சவாரி நடந்ததாகப் பலமுறை செய்தி வந்தது. கூப்பிடுகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. ஏறுகிறவர் இருப்பதால்தானே கூப்பிடுகிறார்?

எது ஆபத்து?

ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட வராது. அதை நம்பித்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டு வந்து கொட்டும் தண்ணீர் கடலுக்குப் போகும் வழி, முகத்துவாரம். கடல் உள்வாங்கும் நேரத்தில் ஏரித் தண்ணீர் அந்த ஒடுக்கமான வாய்க்குள் பிய்த்துக்கொண்டு ஓடும். எதிரே அலை வந்து மோதும். அடியில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று முட்டளவு இருந்த இடம் இன்று ஆளை மறைக்கும். பரம்பரை மீனவரே பார்த்துப் பார்த்துத்தான் படகு விடுகிறார்.

நடக்கப் பழகிய குழந்தைக்கு முகத்துவாரம்கூட வேண்டாம். ஒரு சாண் தண்ணீர் போதும். தலை கனம் என்பதால் குப்புற விழுந்தால் எழ முடியாது. சினிமாவில் காட்டுவதுபோல் கையை உதறிக் கத்தாது. சத்தமே வராது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, தண்ணீரில் மூழ்கி இறப்பது 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான் அதிகம்.

"அவங்க பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். பத்துப் பேர் போனாலும், குழந்தையைப் பார்ப்பது என் வேலை என்று ஒருத்தர் பொறுப்பு எடுக்க வேண்டும். அவர் கையில் செல்போன் கூடாது. அவரும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தண்ணீரில் நிற்க வேண்டும்.

மிதவை ஜாக்கெட் மாட்டுவதானால் குழந்தை அளவு வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டில் குழந்தை நழுவிக் கீழே போய்விடும்.

ஓலைப் பெட்டி

வெயில் ஏறிவிட்டால் கரையில் நிழல் குறைவு. தொப்பியும் குடிதண்ணீரும் வீட்டிலிருந்தே வரட்டும்.

திரும்பும்போது பெரியவர்கள் இறாலும் நண்டும் பேரம் பேசுவார்கள். குழந்தைக்கு, இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் முடையும் குட்டிப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு பொன்னேரி வரை சமர்த்தாக வரும்.