கறுப்புத் திரைக்குப் பின்னால் படங்கள் இருக்கின்றன

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. கொத்தமங்கலம் மாதிரியான செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. இன்று அந்தக் கணினிகளின் பேட்டரி செத்திருக்கும். சார்ஜரைச் செருகினால்தான் ஓடும். கரண்ட் போனால் கணினியும் போகும். அப்படி ஒருநாள் கரண்ட் வந்த பிறகு பொத்தானை அழுத்தினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வட்டுப் பிழை என்று வந்து நிற்கும். ஐயாவின் சாந்திக் கல்யாணப் படங்களெல்லாம் அதற்குள்தான்.

பெரும்பாலும் அவை பத்திரமாகவே இருக்கும். ஏன் என்று தெரிய, வட்டுக்குள் போக வேண்டும்.

அந்த வன்வட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பு ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதந்தபடியே படிக்கிறது தலை. தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. கரண்ட் போன கணமே தலை வட்டின்மேல் விழுந்து கீறியிருக்க வேண்டுமே? விழுவதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் வட்டின் வேகத்தில் மோட்டாரே மின்னாக்கியாகிவிடுகிறது. அந்தத் துளி மின்சாரத்தில் தலை ஓரத்துச் சரிவில் ஏறி ஒதுங்கிக்கொள்கிறது. இதைவிட அழகான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

தலை தப்பிவிடும், பாதியில் நின்ற எழுத்து தப்பாது. அதற்காகவே லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்புமுறை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்கிறது; மறுபடி எழும்போது அதைப் பார்த்து விட்ட வேலையை முடிக்கும். தலைமைக் குறிப்பான சூப்பர்பிளாக்குக்கும் நகல்கள் உண்டு. பங்காளிகள் வீட்டுப் பத்திரத்துக்குத் தலைக்கொரு நகல் வைத்திருப்பதுபோல, வட்டு நெடுகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். வட்டைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, 1-ஆம் தொகுதியிலும் 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்கெண் தொகுதிகளிலும் ஒவ்வொரு நகல். முதல் நகல் வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். முதன்மைக் குறிப்பு அழிந்தாலும் அந்த எண்ணைச் சொல்லிக் கோப்புமுறையை எழுப்பலாம்.

வட்டின் பரப்பே பழுதானால் கதை வேறு. படிக்க முடியாத செக்டரை வட்டு உடனே மாற்றிவிடுவதில்லை. உள்ளே என்ன இருந்தது என்று அதற்கே தெரியாதே. நிலுவையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அங்கே புதிதாக எழுதப்படும்போதுதான், இடம் தேறாது என்று கண்டால், உபரி செக்டருக்கு மாற்றும். வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 என்ற எண்ணுள்ள வரி நிலுவைக் கணக்கு, 5 என்ற எண்ணுள்ள வரி மாற்றிய கணக்கு. கணினி எழ மறுப்பதற்கு, துவக்கக் கோப்பு இருக்கும் ஒரே ஒரு செக்டர் கெட்டால் போதும். மீதி முழுவதும் நன்றாக இருக்கலாம்.

அதனால்தான் திரை பிழை என்றதும், கோப்புமுறையைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டிவிடக் கூடாது. அது அதே வட்டின்மேல் எழுதித்தான் பழுதுபார்க்கும். சாகும் வட்டில் அது ஆபத்து. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்து கணினியை எழுப்பி, முதலில் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். நிலுவை இருந்தால் டிடிரெஸ்க்யூ நிரலால் முழு வட்டையும் வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். அது சுலபமாகப் படிக்கும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழுதுபார்ப்பதை அந்த நகலில் செய்யுங்கள்.

வட்டு டக் டக்கென்று தட்டினால் இதில் எதையும் செய்ய வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பில் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் படங்கள் குறையலாம்.

உங்கள் வீட்டு மடிக்கணினி இன்று நன்றாக எழுந்தாலும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 என்ற எண்ணுள்ள வரியை ஒருமுறை பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லையென்றால், இன்றைக்கே படங்களை வேறு வட்டுக்கு மாற்றுங்கள்.